கல்லூரி வாயிலும் கடவுள் தூதரும்

உதகையிலே கல் பங்களா என்று மலைமக்கள் பெயரிட்டழைத்த கட்டடம் ஒன்று உண்டு. கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1822-ஆம் ஆண்டு வாக்கில் கட்டத் தொடங்கிய வீடு அது. அதிகாரி குளிர் காய்ந்த அந்த இடத்தில், 1955-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இன்று நடக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்தும், படகர் ஹட்டியிலிருந்தும், தோடர் மந்திலிருந்தும், கூடலூர்ப் பக்கத்துப் பணியர் குடியிலிருந்தும் பிள்ளைகள் புறப்பட்டு, பனியில் பஸ் ஏறி, கல்லூரி வாயிலை மிதிக்கிற காலம் இது. வீட்டிலே முதன்முதலாகக் கல்லூரி காண்பவர்கள் அவர்களிலே மிகப் பலர்.

அதே மலையில், குன்னூரில், கத்தோலிக்க அருட்சகோதரியர் 1966-இல் தொடங்கிய பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி இருக்கிறது. உதகையிலேயே, சுத்தூர் வீரசைவ மடத்தின் கல்வி அறநிலையம் 1980-இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி இருக்கிறது. அரசின் கல்லூரி, சபையின் கல்லூரி, மடத்தின் கல்லூரி என மூன்றும் ஒரே மலையில். மூன்றிலும் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எனவே, நாம் எழுப்பப் போகும் கேள்விக்கு இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

கேள்வி இதுதான்: படிக்க வந்த பிள்ளையிடம் கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை எந்த வாசலிலே நிறுத்துவது, எந்த வாசலிலே விடுவது?

"எவரையும் விடாதே" என்பார் ஒருவர். "எங்களவரை மட்டும் விடு, மற்றவரை விரட்டு" என்பார் இன்னொருவர். முன்னவர் சட்டம் அறியாதவர். பின்னவர் சட்டம் அறிந்தும் அறியாதவர்போல் நடிப்பவர். நமது விடை இரண்டும் அன்று. வருகிறவர் எந்த மதத்தவர் என்று நாம் பார்க்கத் தேவையில்லை. கேட்கிற பிள்ளை, கேட்கப் பிடிக்காதபோது, அச்சமின்றி எழுந்து போக முடியுமா என்று பார்த்தால் போதும். முடியுமானால் அது பேச்சு. முடியாதானால் அது கட்டாயம். இந்த ஒரு அளவுகோலே போதும் என்கிறோம்.

இது நாம் கண்டுபிடித்த அளவுகோலும் அன்று. அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்வதே இது. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் மத போதனை கூடாது என்கிறது அதன் முதல் உட்பிரிவு. அரசு அங்கீகாரமோ அரசு உதவியோ பெற்ற கல்விக்கூடத்தில், மாணவரின் சம்மதமின்றி, சிறுவராயின் பாதுகாவலரின் சம்மதமின்றி, மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது மூன்றாவது உட்பிரிவு. அரசு கல்லூரிக்கு முதல் விதி. சபை நடத்தினாலும், மடம் நடத்தினாலும், அங்கீகாரம் பெற்ற கல்லூரிக்கு மூன்றாவது விதி. நிறுவனத்தை நடத்தும் உரிமை சிறுபான்மையினருக்கு உண்டு. பிள்ளையின் மனத்தை நடத்தும் உரிமை எவருக்கும் இல்லை!

முன்வாசல் வழியே வந்தவர்கள்

மதப் பிரச்சாரம் என்றதும், பையில் துண்டு வெளியீட்டோடு கல்லூரி மதிற்சுவர் ஓரம் நிற்கும் ஏழை ஊழியக்காரர்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார். அவரைக் கண்டால் கூச்சல், புகார், போலீஸ். ஆனால் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டையே உலுக்கிய இரு நிகழ்ச்சிகளில் மதம் மதிற்சுவர் ஏறிக் குதித்து வரவில்லை. மாலை மரியாதையோடு முன்வாசல் வழியே வந்தது.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள். சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலும், சைதாப்பேட்டை அரசுப் பள்ளியிலும் மகாவிஷ்ணு என்ற ஆன்மிகப் பேச்சாளர் மேடையேற்றப்பட்டார். தன்னம்பிக்கை ஊட்டும் பேச்சு என்று பெயர். ஊட்டப்பட்டதோ முற்பிறவிப் பாவக் கணக்கு. உடற்குறையோடு பிறப்பதும் ஏழ்மையில் பிறப்பதும் முன்செய்த வினை என்ற பொருள்படப் பேசினார். அரசுப் பள்ளியிலே, ஏழை வீட்டுப் பெண் குழந்தைகளின் முன்னிலையிலே! கண்பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று, பள்ளியில் இதைப் பேசலாமா என்று கேட்டார். பேச்சாளர் அவரையே மடக்கப் பார்த்தார். செய்தி வெளிவந்ததும் நாடு கொதித்தது. இரு பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் இடமாற்றம் செய்யப்பட்டனர். செப்டம்பர் 7-ஆம் நாள் பேச்சாளர் கைது செய்யப்பட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று எழுந்து நின்றவர் ஆசிரியர். அத்தனை மாணவியரில் ஒருத்தியாவது எழுந்து வெளியே போயிருக்க முடியுமா? முடியாது. வகுப்பு நேரம், வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள், பக்கத்திலே ஆசிரியை, மேடையிலே தலைமையாசிரியை. காது கொடுப்பதைத் தவிர அந்தக் குழந்தைகளுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. குற்றத்தின் வேர் அங்கே இருக்கிறது. பேசியவர் வேறு மதத்தவராக இருந்து, வேறு இறைவன் பெயரைச் சொல்லியிருந்தாலும் குற்றம் இம்மியும் குறைந்திராது.

அடுத்தது மதுரை. 2025 ஏப்ரல் 12-ஆம் நாள், அரசு உதவி பெறும் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் மாணவர்களுக்குப் பரிசளிக்கும் விழா. தலைமை விருந்தினர் அந்நாள் தமிழ்நாட்டு ஆளுநர் ஆர். என். ரவி. பேச்சின் நடுவே, தாம் சொல்ல மாணவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, "ஜெய் ஸ்ரீராம்" என முழங்க வைத்தார். விரும்பினோர் சொன்னார்கள், இதிலென்ன கட்டாயம் என்று கேட்டனர் சிலர்.

நாமும் கேட்கிறோம். அழைப்பது யார்? மாநிலத்தின் ஆளுநர். பல்கலைக் கழகங்களின் வேந்தராகவும் இருந்தவர். எதிரே இருப்பது யார்? பட்டத்துக்காகவும் பரிசுக்காகவும் உட்கார்ந்திருக்கும் மாணவன். அந்த அரங்கிலே முஸ்லிம் மாணவி இருக்கலாம். கிறித்தவ மாணவன் இருக்கலாம். கடவுளே இல்லை என்பவன் இருக்கலாம். ராமனை வணங்கினாலும் அதை மேடைக் கட்டளைக்குச் செய்ய விரும்பாதவன் இருக்கலாம். வாய் திறந்தால் மனச்சான்று உறுத்தும். வாய் மூடினால் பக்கத்திலிருப்பவன் பார்ப்பான். இந்த இக்கட்டில் ஒரு பிள்ளையை நிறுத்துவதற்குப் பெயர் சுதந்திரமா?

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 25, 26 நாட்களில், இதே உதகை ஆளுநர் மாளிகையில் துணைவேந்தர்கள் மாநாடு கூட்டப்பட்டது. அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் ஜகதீப் தன்கர் வந்து தொடங்கி வைத்தார். மாநிலப் பல்கலைக் கழகத் துணைவேந்தர்களில் பெரும்பாலோர் போகவில்லை. யாருக்கு வேந்தர் அதிகாரம் என்ற சண்டை அது. சண்டையின் சட்டச் சிக்கலை இங்கே நாம் விரிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்வோம்: வேந்தர் பதவி என்பது மாணவர் மன்றத்தில் முழக்கம் எழுப்பித் தரும் பதவியன்று என்பதையும் அந்த மலையுச்சியில் யாராவது பேசியிருந்தால் நாட்டுக்குப் பயன்பட்டிருக்கும்.

கம்பனைப் படிப்பது கூடாதென்று நாம் சொல்லவில்லை. தேம்பாவணியும் சீறாப்புராணமும் சிந்தாமணியும் மணிமேகலையும் தமிழ் வகுப்பிலே இடம்பெற்றவைதாம். மதங்களைப் பற்றி அறிவது வேறு. மதத்தில் பயிற்றுவது வேறு. 2002-இல் அருணா ராய் தொடுத்த வழக்கிலே உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டை ஏற்றிருக்கிறது. வகுப்பிலே ராமகாதை படித்தவன் தேர்வெழுதிவிட்டுப் போகிறான். முழக்கமிட வைக்கப்பட்டவன் எதை எழுதிவிட்டுப் போவான்?

மலை கற்பித்த பாடம்

"மிஷனரிகள் பள்ளி திறந்ததே மதம் மாற்றத்தானே, அதை ஏன் பேசவில்லை?" என்று கேட்போர் உண்டு. பேசுவோம். நீலகிரியிலிருந்தே பேசுவோம்.

கேத்திப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர் காஸமேஜர் என்ற ஆங்கிலேய அதிகாரி. படகர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர். 1849-இல் அவர் இறந்தபோது தம் சொத்தை பாசல் மிஷனுக்கு எழுதிவைத்தார். ஜெர்மன், சுவிஸ் நாட்டுப் பாதிரிமார் அங்கே தங்கி, மலை முழுதும் நடந்தனர். மெட்ஸ் என்ற பாதிரியார் படகர் மொழி கற்று, ஆண்டுக் கணக்கில் ஹட்டி ஹட்டியாகச் சென்று போதித்தார். நோக்கம் மதமாற்றம் என்பதில் ஐயமில்லை. அவர்களே அதை மறைக்கவும் இல்லை. விளைந்தது என்ன? பாதிரிமார் வந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1858-இல்தான் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றார். பின்னரும் சிலரே மாறினர். பெரும்பாலோர் எழுத்தை வாங்கிக்கொண்டார்கள், ஏசுவை வணங்கவில்லை. ஹெத்தையம்மன் விழாவுக்கும் போனார்கள், பள்ளிக்கும் போனார்கள். அந்தச் சமுதாயத்தின் முதல் பெண் பட்டதாரியான அக்கம்மா தேவி, 1962-இல் நீலகிரித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆனார்.

இதிலே பாடம் இருக்கிறது. கேட்டுவிட்டு எழுந்து போகும் உரிமை இருந்த இடத்தில், மலைமக்கள் தமக்கு வேண்டியதை எடுத்தார்கள், வேண்டாததை விட்டார்கள். எழுத்தறியாத மலைவாசி என்று இகழப்பட்டவர்களுக்கே அந்த விவேகம் இருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் கல்லூரியில் படித்தும் ஒரு துண்டு வெளியீட்டில் மயங்கிவிடுவார்களாம், ஆகையால் சட்டம் போட்டுக் காக்க வேண்டுமாம்!

இன்னொரு சான்றும் அதே மலையில் உண்டு. நாராயண குருவின் மாணவர் நடராஜ குரு 1923-இல் உதகை பெர்ன்ஹில்லில் குருகுலம் அமைத்தார். பின்னாளில் நித்ய சைதன்ய யதி அங்கே இருந்தார். 1999-இல் அங்கேயே மறைந்தார். தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் இளைஞர் பலர் அவரைத் தேடி மலையேறினர். பேசினர், கேட்டனர், வாதாடினர், இறங்கினர். அவர் சொன்ன வேதாந்தத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அங்கே வருகைப் பதிவேடு இல்லை என்பதை மறுக்க மாட்டோம்.

அரசியல் நிர்ணய சபையிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. 1948 டிசம்பரில், மதத்தைப் பரப்பும் உரிமை வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, சென்னையிலிருந்து சென்ற டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்தார். தாம் பல்லாண்டு கிறித்தவ நிறுவனங்களில் படித்தவர் என்றும், தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்றும் கூறி, அவ்வுரிமையை ஆதரித்தார். அவர் நமது இயக்கத்தவர் அல்லர். ஆயினும் நேர்மையாகச் சொன்னார்.

பக்கவாசலும் பின்வாசலும்

மாணவர்களே தமக்குள் கூடி வேதம் படிப்பது உண்டு. கிறித்தவ மாணவர் இயக்கம் 1912 முதல் இந்தியாவில் இருக்கிறது. யூ.ஈ.எஸ்.ஐ. என்ற நற்செய்தி மாணவர் அமைப்பு 1954-இல் தோன்றியது. இஸ்லாமிய மாணவர் அமைப்பு 1982-இல் தோன்றியது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் 1972 முதல் இளைஞரிடையே வேலை செய்கிறது. வயது வந்த மாணவன், பாட நேரத்துக்கு வெளியே, தன் விருப்பப்படி இவற்றில் எதில் சேர்ந்தாலும் அது அவன் உரிமை. கூடாது என்று தடுக்க நமக்கு உரிமையில்லை. தோழனை அழைக்கலாம், தோழன் வர மறுக்கலாம். அதுதான் பக்கவாசல். அது திறந்தே இருக்கட்டும்.

பின்வாசல் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் அஞ்ச வேண்டும். அங்கே சமயம் சோற்றோடு வருகிறது. விடுதி இடத்தோடு வருகிறது. தேர்வுக் கட்டணத்தோடு வருகிறது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட தொழிலாளருக்காக, 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி வயதினர். பந்தலூரிலிருந்தோ கோத்தகிரியின் உள்தோட்டத்திலிருந்தோ அன்றாடம் உதகைக்கு வந்துபோவது எளிதா? தங்க இடம் வேண்டும், கம்பளி வேண்டும், புத்தகம் வேண்டும், ஊர் விட்டு வந்த பிள்ளைக்கு ஆறுதலாய் ஒரு சொல் வேண்டும். இவற்றை அரசு தராத இடத்தில் யாரோ தருவார்கள். தருபவர் கையில் ஜெபமாலை இருந்தால் என்ன, ருத்திராட்சம் இருந்தால் என்ன? சாப்பிட்ட பிள்ளை எழுந்து போகத் தயங்கும். ஆகவே, மதமாற்றம் மதமாற்றம் என்று தொண்டை வறளக் கத்துவதைவிட, மலையில் மாணவர் விடுதி ஒன்று கூடுதலாகக் கட்டுவது பெரிய தொண்டு.

சட்டத்தின் கதையைப் பாருங்கள். 2002-இல் அன்றைய அ.தி.மு.க. அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மாற்றப்படுபவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, ஆதிதிராவிடராகவோ, பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனை கூடுதல்; நான்காண்டு வரை சிறை. அதாவது குன்னூர்க் கல்லூரியில் பட்டப்படிப்பு படிக்கும் பெண்ணும், ஓட்டுப் போடும் வயது வந்த தோட்டத் தொழிலாளி மகனும், பத்து வயதுக் குழந்தையும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்று. சொந்தமாகச் சிந்திக்கத் தெரியாதவர்கள்! 2004 நாடாளுமன்றத் தேர்தலில் மக்கள் தீர்ப்பு வந்த பிறகு அதே ஆட்சியே சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

பணம் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்பாரிடம் ஒன்று கேட்போம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி என்ன சொல்கிறது? இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவனானாலோ முஸ்லிமானாலோ இன்றும் இடமில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவனான ஆதிதிராவிட மாணவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பையும் இழக்கிறான். தேநீர்க் கடையிலே சாதி அவனை விடவில்லை. சர்க்கார் ஏட்டில் மட்டும் விட்டுவிடுகிறது. ஆக, மதத்துக்கு விலை வைத்தது யார்? மாறினால் இவ்வளவு இழப்பாய் என்று பயமுறுத்தும் ஆணை, மாறினால் இவ்வளவு பெறுவாய் என்ற ஆசை வார்த்தைக்கு எந்த வகையில் உயர்ந்தது? இதைத் திருத்தக் கோரி 2023 ஏப்ரல் 19-ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. முடிவு தில்லியின் கையில்.

நமக்கும் அதே கோல்

"நீங்கள் மட்டும் கல்லூரிகளில் கடவுள் மறுப்புப் பேசலாமா?" என்று நம்மைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நமக்கும் அதே கோல்தான். பகுத்தறிவுப் பேச்சாளர் வந்தாலும், பிடிக்காத மாணவன் எழுந்து போக உரிமை வேண்டும். போனதற்காக அவன் மதிப்பெண் குறையக் கூடாது. அடைத்து வைத்துப் புகட்டினால் பகுத்தறிவும் பஜனையாகிவிடும். கேள்வி கேட்கக் கற்பிக்க வந்தவர்கள் கேள்வி கேட்க முடியாத கூட்டத்தைத் தேடுவது வெட்கக்கேடு.

மனச்சான்றின் அருமை தெரியவேண்டுமானால், கேரளத்தைப் பாருங்கள். 1985-இல் யெகோவா சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. தம் சமயம் இடந்தரவில்லை என்றார்கள். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்ட் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நாட்டின் கீதத்தையே பாட வைக்க முடியாது என்றால், ஒரு மதத்தின் முழக்கத்தை வைக்க முடியுமா?

ஆகவே நாம் கேட்பவை சில. கல்லூரிக்கு வெளியார் பேச வந்தால் பொருள் என்னவென்று முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும். மதம் சார்ந்த கூட்டம் எதுவும் பாட நேரத்தில் கூடாது. வருகைப் பதிவு கூடாது. எல்லா மதத்துக்கும், மதமில்லாதார்க்கும் ஒரே விதி. 28-ஆவது பிரிவு தமிழில் அச்சிடப்பட்டு, ஒவ்வொரு கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் விடுதிச் சுவரிலும் தொங்க வேண்டும். புதிதாகச் சேரும் மாணவர் முதல் நாளே அதைப் படிக்க வேண்டும். மலை மாவட்டத்தில் விடுதி இடங்களும் பஸ் வசதியும் பெருக வேண்டும். 1950 ஆணையின் மூன்றாம் பத்தி நீங்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு சொல். யார் வந்து பேசினாலும் கேளுங்கள். கேட்பதால் காது தேயாது. ஐயம் வந்தால் கேள்வி கேளுங்கள். பிடிக்கவில்லையா, அமைதியாக எழுந்து செல்லுங்கள். உங்களைத் தடுக்க வருகிறவர் ஆளுநராயினும், அருட்தந்தையாயினும், ஆதீனமாயினும், அரசியல்வாதியாயினும், அந்தக் கணமே அவர் தம் வாதத்தில் தோற்றவர் ஆகிறார். கதவை அடைத்துக்கொண்டு காக்கப்பட வேண்டிய உண்மை எதுவும் உலகத்தில் இல்லை.